திண்டிவனத்திலிருந்து ஜெனீவா எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் பெருஞ்சாலை, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் கடந்ததும் திண்டிவனத்தில் பல கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. மரக்காணத்து உப்பளங்களுக்கு ஒரு வழி, புதுச்சேரிக்கு ஒரு வழி, செஞ்சிக் கோட்டையைத் தொட்டுக்கொண்டு திருவண்ணாமலைக்கு ஒரு வழி, வந்தவாசிக்கு ஒரு வழி, விழுப்புரத்துக்கு ஒரு வழி. 'திந்திரிணி வனம்' என்பதே நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு இருந்த இடத்தில் இன்று பேருந்துகளும் பழக்கடைகளும் நிறைந்திருக்கின்றன.

இவ்வூரைக் கடந்து செல்வோர் ஆயிரக்கணக்கானோர். இறங்கிப் பார்ப்போர் சிலரே. இறங்குபவரும் மயிலம் முருகன் கோயிலுக்கோ செஞ்சி மலைக்கோ வண்டி பிடிப்பதற்காகவே இறங்குகின்றனர். நான் இறங்கியதோ வேறொரு காரியத்தின் பொருட்டு. 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 48 நாடுகள், எதிர்த்து ஒன்றுமில்லை, வாக்களியாமல் ஒதுங்கி நின்றவை 8. அதன் முதல் வரியில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த சொல்லை 'எல்லா மனிதரும்' என்று மாற்றுவித்தவர் நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்சா மேத்தா அம்மையார். அப்படி உலகம் கூடி எழுதிய வாக்கு, ஏழை ஒருவனின் குடிசை வாசலுக்கு எந்த வழியாக வந்து சேருகிறது, வழியில் எங்கெங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கண்டறிய வேண்டுமாயின், தில்லியைவிடவும் ஜெனீவாவைவிடவும் திண்டிவனமும் விழுப்புரமும் பொருத்தமான இடங்கள் என்பது என் எண்ணம்.

திண்டிவனத்தில் நாம் முதலில் பார்க்க வேண்டியது சார் ஆட்சியர் அலுவலகம். காண்பதற்கு அழகான இடம் என்று சொல்ல இயலாது. கையில் நெகிழிப் பையும், பைக்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன காகிதங்களுமாய் மரத்தடியில் காத்திருக்கும் மக்களை எந்த அரசு அலுவலகத்திலும் காணலாம், இங்கும் காணலாம். அவர்களுள் இருளர் என்னும் பழங்குடியினரும் உண்டு.

இருளரைப் பற்றி ஈண்டுச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு இனங்களுள் இவர்களும் ஓரினம். ஏனைய ஐந்தாகிய தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரைப் பெரும்பாலும் மலைப்பகுதியோடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். இருளரிலும் மலைவாழ் மக்கள் உளர். ஆயினும் இப்பகுதி இருளர் சமவெளியில், ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் வாழ்பவர்கள். பாம்பு பிடிப்பதிலும் வயல் எலி பிடிப்பதிலும் மூலிகை அறிவிலும் வல்லவர்கள். கன்னியம்மன் இவர்கள் வழிபடு தெய்வம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாய்க் கூடுவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் வனத்துக்கு நன்மை. இவர்களுக்கோ பிழைப்புப் போயிற்று. 1978இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டு, நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கும் தொழில் சில குடும்பங்களைக் காத்தது. 2023இல் அச்சங்கத்தைச் சேர்ந்த இருவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. எஞ்சியோர் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்றனர்.

இவர்களுக்கும் மனித உரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு ஒரு காகிதத்தில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தக் காகிதத்தை ஏனைய வகுப்பாருக்கு வட்டாட்சியர் நிலையிலேயே தந்துவிடுகின்றனர். பழங்குடியினருக்கு மட்டும், 1989 முதல், கோட்ட அளவிலான அதிகாரியே, அதாவது வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான், விசாரித்து வழங்க வேண்டும். போலிச் சான்றிதழ் பெற்றோர் பலர் என்பதால் வந்த ஏற்பாடு இது. 1994இல் உச்ச நீதிமன்றமும் மாதுரி பாட்டீல் வழக்கில் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கடுமையான நெறிகளை வகுத்தது. திருடரைத் தடுக்கக் கட்டிய வேலி, வீட்டுக்காரனையே வெளியில் நிறுத்திய கதையாயிற்று. தந்தையிடம் சான்று இல்லை, பாட்டனிடம் நிலப்பத்திரம் இல்லை, பிறப்பைப் பதிந்தவர் எவருமில்லை. பாம்பு பிடிக்கத் தெரிகிறதா என்பது போன்ற கேள்விகளால் ஒருவனுடைய இனத்தைச் சோதிப்பது எவ்வளவு நகைப்புக்குரியது! பள்ளிக்குச் சென்று படித்த பிள்ளைக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது என்பதற்காக அவன் இருளன் அல்லன் என்றாகிவிடுமா?

அச்சான்றிதழ் இல்லையேல் கல்வி உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை என்பதை எல்லோரும் அறிவர். பலரும் அறியாதது மற்றொன்று. பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் 1990 ஜனவரி 30ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி அவ்வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணம் தர வேண்டும். ஆனால் அடிபட்டவன் பழங்குடியினன் என்பதைக் காட்ட வேண்டுமே! காட்டுவதற்கு அதே காகிதம்தான் வேண்டும். சான்றிதழ் இல்லாத இருளனை ஒருவன் அடித்தால் அது சாதாரண அடிதடி வழக்காகவே முடிந்துவிடக்கூடும். உலகமும் நாடும் சேர்ந்து எழுப்பிய பாதுகாப்பு மாளிகையின் சாவி, திண்டிவனத்தில் ஓர் எழுத்தரின் மேசையில் கிடக்கிறது.

இதே அலுவலகம் மற்றொரு சான்றும் வழங்க வல்லது. அதற்கு விடுதலைச் சான்றிதழ் என்று பெயர். சூளைக்காரரிடம் முன்பணம் பெற்ற குடும்பம், கணவன், மனைவி, பிள்ளைகள் அனைவருமாகச் சூளையிலேயே தங்கி மண் குழைத்துக் கல் அறுக்கிறது. கூலியில் கடன் கழிகிறதா, கூடுகிறதா என்பது கணக்கு எழுதுபவருக்கே வெளிச்சம். ஊர்த் திருவிழாவுக்கோ சாவுக்கோ போக வேண்டுமானாலும் ஓர் ஆளைப் பிணையாக விட்டுச்செல்ல வேண்டும் என்ற நிலை வரும்போது அது கூலிவேலையன்று, கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன் அனைத்தையும் ஒரே வரியில் செல்லாததாக்கிவிட்டது. மீட்கப்பட்டவருக்குக் கோட்ட அதிகாரி சான்றிதழ் தர வேண்டும். உடனடி உதவியாக 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் 20,000 ரூபாய் என்றிருந்தது, 2022இல் 30,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மறுவாழ்வுக்கான பெருந்தொகையான 1 லட்சம் முதல் 3 லட்சம் வரையிலான பணமோ, வழக்கில் முதலாளி தண்டிக்கப்படுவதையொட்டியே கிடைக்கும். அந்நாள் வருவதற்குள் பசி வந்துவிடுகிறது. பழைய முதலாளியே புதிய முன்பணத்தோடு வாசலில் நிற்கிறான்.

கட்டாய உழைப்பைத் தடுக்கும் உலக உடன்படிக்கை ஒன்று நம் நாடு விடுதலை பெறுமுன்பே, 1930இலேயே, ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் உருவாயிற்று. இந்தியா 1954இல் அதனை ஏற்றது. நம் அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பாகும் என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது, உலக நீதிமன்றங்களுக்கே முன்மாதிரியான தீர்ப்பு. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகளைக் குறித்து 1985இல் தொடுக்கப்பட்ட வழக்கொன்றில், 1997இல், நாடு முழுவதும் இச்சட்டத்தின் அமலாக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. ஆக, ஜெனீவா, தில்லி என்று இறங்கி வந்த உரிமை இங்கே கோட்ட அலுவலகத்துப் படிக்கட்டு வரை வந்துவிட்டது. மேலே ஏற்றிவிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அவ்விதம் ஏற்றிவிட முன்வந்தவர் திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா கல்விமணி. கல்யாணி என்றால்தான் பலருக்கும் தெரியும். அவர் முயற்சியால் 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. சட்டம் பயின்றவரல்லர், பௌதிகம் பயின்றவர். மனு எழுதுதல், மனுவுக்குப் பதில் வராதபோது மறுமனு எழுதுதல், அதிகாரியை நேரில் கண்டு கேட்டல், நீதிமன்றம் வரை பாதிக்கப்பட்டவரோடு நடத்தல் என்னும் நான்கு வேலைகளையே அச்சங்கம் ஓயாமல் செய்துவந்தது. இவை பெருமைக்குரிய வேலைகளாக எவருக்கும் தோன்றா. ஆயினும், வீர உரைகளைவிட இவை கடினமானவை என்பதை ஒருமுறையேனும் அரசு அலுவலகத்தில் நாளெல்லாம் காத்திருந்தவர் அறிவர்.

அச்சங்கம் தோன்றக் காரணமான நிகழ்ச்சி விழுப்புரத்தின் அருகே நடந்தது. எனவே நாமும் விழுப்புரம் செல்வோம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்தைவிடப் பயணிகள் ரயிலில் செல்வது எனக்கு விருப்பம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று செல்லும் வண்டியில், வழியெல்லாம் கரும்பும் நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களைக் காணலாம். நிலக்கடலையை இப்பக்கத்தார் மணிலா என்றே சொல்வர். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. விழுப்புரம் பெரிய சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைகளுக்கு இங்கிருந்து இருப்புப் பாதைகள் பிரிகின்றன. இரவில் இரண்டு மணிக்கும் தேநீர் கிடைக்கும் ஊர் என்பது நெடுந்தூரப் பயணிகள் அறிந்த செய்தி.

அவ்வளவாக நினைவுகூரப்படாத செய்தியும் ஒன்றுண்டு. 1978 ஜூலை மாதத்தில் இந்நகரில் நடந்த சாதிக் கலவரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். கீழ்வெண்மணியை நினைவில் வைத்திருக்கும் தமிழகம் விழுப்புரத்தை ஏனோ மறந்தது. அந்நாளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. 1955இல் இயற்றப்பெற்று 1976இல் புதுப்பெயர் பெற்ற குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே இருந்தது. அது தீண்டாமைக்கு எதிரானது. கூட்டமாய் வந்து கொல்வோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று. மனித உரிமை ஆணையமும் இல்லை. உலகப் பிரகடனத்துக்கு முப்பதாண்டு நிறைவு கொண்டாடிய ஆண்டு அது! குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது அடுத்த ஆண்டு, 1979 ஏப்ரல் 10ஆம் நாள். பன்னிருவரைப் புதைத்த மண் முற்றும் காயாத காலம்.

அந்த உடன்படிக்கையை ஏற்கும்போது நம் அரசு சில விலக்குகளைக் குறித்து வைத்தது. சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டோருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்னும் விதி அவற்றுள் ஒன்று. இந்தியச் சட்டத்தில் அத்தகைய உரிமை இல்லை என்பது காரணம். ஒடிசாவில் காவலில் இறந்த இளைஞன் ஒருவனின் தாய் நீலபதி பெஹ்ரா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 1993 மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. அரசு ஒதுக்கி வைத்த அதே விதியைச் சுட்டிக்காட்டியே, அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசு இழப்பீடு தரவேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. முன்வாசலில் மறுக்கப்பட்ட விருந்தாளி பின்வாசல் வழியே வந்து அமர்ந்துகொண்டார் என்று சொல்லலாம். சர்வதேச உடன்படிக்கைகள் நம் நாட்டில் பெரும்பாலும் இவ்வழியாகவே உயிர் பெறுகின்றன. நாடாளுமன்றம் சட்டமாக்காவிடினும், நம் சாசனத்துக்கு முரண்படாத வரையில், நீதிபதிகள் அவற்றைத் துணைக்கு அழைக்கின்றனர். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளைத் தடுக்க 1997இல் வந்த விசாகா நெறிகளும் அவ்வாறு பிறந்தவையே.

1993ஆம் ஆண்டு பல வகையிலும் குறிப்பிடத்தக்கது. ஜூன் மாதத்தில் வியன்னாவில் உலக மனித உரிமை மாநாடு கூடிற்று. செப்டம்பர் 28இல் மனித உரிமைகள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் தில்லியில் பிறப்பிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 30இல், தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. இவ்விரண்டு பிறப்புகளுக்கும் சற்று முன்னர், அதே ஆண்டில், தென்னார்க்காட்டில் இரு கொடுமைகள் நடந்தன.

ஒன்று, மார்ச் மாதத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்தது. திருட்டுக் குற்றம் சாட்டிக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளி ஒருவர் திரும்பவில்லை. அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார், வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடினார். அவர் பின்னாளில் நீதிபதியானார். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இக்கதையை அறிவர். படத்தில் இருளராகக் காட்டப்பட்டவர் உண்மையில் குறவர் சமூகத்தவர் என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்கிறேன். காவல் நிலையக் கதவைத் திறக்க, பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த அந்த ஒரு மனுவே போதுமானதாயிற்று.

மற்றொன்று விழுப்புரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், ஜூலை மாதத்தில். ஒருவரைத் தேடி வந்த புதுச்சேரிக் காவலர்கள் இளம் இருளர் பெண்ணொருத்தியைக் கூட்டாக வன்கொடுமை செய்தனர் என்பது வழக்கு. அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. புகாரைப் பதிவு செய்வதற்கே பேராசிரியர் கல்விமணியும் நண்பர்களும் போராட வேண்டியிருந்தது. குற்றம் நடந்தது தமிழ்நாட்டில். குற்றம் சாட்டப்பட்டோர் புதுச்சேரி அரசின் ஊழியர். இரு அரசுகளுக்கும் நடுவே எழுத்தறிவற்ற ஓர் ஏழைக் குடும்பம்.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 2006 ஆகஸ்டில் விழுப்புரம் நீதிமன்றம் காவலர் அறுவரையும் குற்றவாளிகள் எனக் கண்டு சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

இதனை எழுதும்போது மனம் சிறிது தயங்குகிறது. நீதிமன்றத்தின் முடிவு நீதிமன்றத்தின் முடிவே. குற்றம் ஐயமற நிரூபிக்கப்பட வேண்டும் என்பதும் ஒரு மனித உரிமையே, அது காவலருக்கும் உரியது. ஆனால் முதல் நாளிலேயே புகாரைப் பதிந்து, முதல் நாளிலேயே மருத்துவச் சோதனை செய்து, அக்கறையோடு சான்று திரட்டினால்தானே ஐயம் அகலும்? அவற்றைச் செய்ய வேண்டியவர் காவல்துறையினர். குற்றம் சாட்டப்பட்டவரும் காவல்துறையினர். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே உலகம் ஓர் உடன்படிக்கை செய்தது. சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டு உடன்படிக்கை, புகார்களைப் பாரபட்சமற்றவர்கள் விரைந்து விசாரிக்க வேண்டும் என்கிறது. இந்தியா 1997 அக்டோபர் 14இல் அதில் கையெழுத்திட்டது. இன்னும் உறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவைத் தேர்வுக்குழுவுக்குச் சென்று, பின்னர் காலாவதியாயிற்று. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில் மசோதா ஒன்றை எழுதியே கொடுத்தது. ஜெனீவாவிலுள்ள மனித உரிமை மன்றத்தில் 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் முறை வந்தபோதெல்லாம் பிற நாடுகள் இதனைக் கேட்டன.

சொந்த நாட்டில் நீதி கிடைக்காதவர் நேரே ஜெனீவாவுக்கு எழுதலாகாதா என்று வாசகர் வினவலாம். ஐரோப்பியர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து நீதிமன்றத்தில் தம் அரசின்மீதே வழக்குத் தொடுக்க முடிகிறது. ஆசியாவுக்கு அத்தகைய நீதிமன்றம் இல்லை. குடிமை உரிமை உடன்படிக்கையோடு சேர்ந்த விருப்ப நெறிமுறையை ஏற்ற நாடுகளின் மக்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். இந்தியா அதனை ஏற்கவில்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எவரும் கடிதம் எழுதலாம். அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்பர், கட்டளையிட இயலாது.

கதவு திறந்திருந்த நாட்டிலும் என்ன நடந்தது என்று பாருங்கள். இலங்கை 1997இல் அந்த நெறிமுறையை ஏற்றது. 1993இல் கைதான தமிழ் இளைஞர் ஒருவர், தமக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தார் என்று, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஐம்பது ஆண்டுச் சிறை பெற்றார். மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. அவர் ஜெனீவாவுக்கு முறையிட்டார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று 2004இல் ஐ.நா. குழு அவர் பக்கமே தீர்மானித்தது. அதனைக் கையிலேந்திக் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 2006 செப்டம்பரில் அந்நீதிமன்றம், அரசு அந்த நெறிமுறையை ஏற்றதே சாசனத்துக்குப் புறம்பானது என்று கூறி மனுவைத் தள்ளியது. ஜெனீவாவில் வென்றவர் கொழும்பில் தோற்றார். வெளியுலகம் தரும் தீர்ப்புக்கு வீட்டுக்குள் இடமளிக்க ஒரு சட்டம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் அத்தகைய சட்டமாக வந்தது 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தில்லியில் தேசிய ஆணையம். 1997 ஏப்ரல் முதல் சென்னையில் மாநில ஆணையம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இவற்றுக்கு உண்டு. காவலில் எவரேனும் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய ஆணையம் 1993 டிசம்பரிலேயே ஆணையிட்டது. ஆனால் விசாரணை முடிவில் இவற்றால் செய்யக்கூடியது அரசுக்குப் பரிந்துரைப்பதே. 'பல்லில்லாப் புலி' என்ற ஏளனம் அதனால் எழுந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. புலிக்குப் பல் முளைத்தது தமிழ்நாட்டில்தான்.

இதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அமர்வு நீதிமன்றத்தை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்கலாம் என்கிறது. நல்ல எண்ணம், ஆயினும் எந்தக் குற்றம் மனித உரிமைக் குற்றம், அதனை எவ்வாறு விசாரிப்பது என்பதை அச்சட்டம் எழுதாமலே விட்டுவிட்டது. பெயர்ப்பலகை உண்டு, பாதை இல்லை.

ஆணையங்களையும் மேற்பார்க்க உலகில் ஓர் ஏற்பாடு உண்டு. 1993 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாரிஸ் கோட்பாடுகள், இத்தகைய ஆணையங்கள் அரசின் பிடியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்கின்றன. அதன்படி நாடுகளின் ஆணையங்களைத் தரம்பிரிக்கும் உலகக் கூட்டமைப்பு, நம் தேசிய ஆணையத்துக்கு மீண்டும் முதல் தரம் அளிப்பதை 2023இலும் 2024இலும் ஒத்திவைத்தது. அது சுட்டிய குறைகளுள் ஒன்று, ஆணையத்தின் விசாரணைகளில் காவல்துறை அதிகாரிகளையே ஈடுபடுத்துவது. ஜெனீவா கண்ட குறையும் விழுப்புரத்து இருளர் குடும்பம் பட்ட குறையும் ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

விழுப்புரத்தில் ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் பேருந்து நிலையமும் ஒன்றிலிருந்து ஒன்று அதிகத் தொலைவில் இல்லை. திங்கட்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருவோர் மனு எழுதுபவரைச் சூழ்ந்துகொள்வர். கட்டணம் வாங்கிக்கொண்டு 'ஐயா, கருணை கூர்ந்து' என்று தொடங்கும் மனுக்களே மிகுதி. கருணை கேட்பதற்கும் உரிமை கேட்பதற்கும் எழுதும் முறையில் வேறுபாடுண்டு. பங்குகளிலும் அன்பியங்களிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் பலர் உளர்; அவர்களுக்காக இதனைக் கூறுகிறேன். மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரே எழுத வேண்டும் என்பதுமில்லை. அவர் சார்பில் மற்றவரும் எழுதலாம். ஆனால் பெயரில்லாத மொட்டைக் கடிதம் பயன்படாது. என்ன நடந்தது, எங்கே நடந்தது, எந்த அதிகாரி, யார் பார்த்தார்கள் என்பவற்றைத் தெளிவாக எழுதி, மருத்துவச் சீட்டோ புகார் ரசீதோ இருந்தால் நகலை இணைக்க வேண்டும். அதே பொருள் நீதிமன்றத்திலோ வேறு ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. நடந்த நாளை மறவாமல் குறிப்பிட வேண்டும். அந்நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால், சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆணையம் அதனை விசாரிக்க இயலாது. இருளர் குடும்பமொன்று சூளையிலிருந்து வெளியே வந்து, பேசத் துணிந்து, எழுதித் தருவாரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பல வேளைகளில் அந்த ஓராண்டு கடந்துவிடுகிறது.